சிரியாவின் வறட்சி: மேய்ச்சல் நிலத்தை அழித்தது மழையின்மை மட்டுமா?

அண்மையில் பத்தாம் தர வகுப்பில் சிரியாவின் வறட்சி பற்றிய ஒரு செய்தியை வாசித்துக் காட்டினேன். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருவர் கையை உயர்த்தி, "சேர், அது பாலைவனம்தானே? பாலைவனத்தில எப்படி வறட்சி வரும்? அங்க எப்பவும் வறட்சிதானே?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்மில் படித்தவர்கள் பலருக்கும் அந்தக் கேள்விக்கு விடை தெரியாது. விடை தெரியாததால்தான் சிரியாவில் நடந்ததையும் நடப்பதையும் தவறாக விளங்கிக்கொள்கிறோம்.

சிரியாவின் நிலப்பரப்பில் அரைவாசிக்கும் அதிகமான பகுதியை அந்நாட்டு மக்கள் 'பாதியா' என்று அழைக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு கோடி ஹெக்டேயர், அதாவது இலங்கையைப் போல ஒன்றரை மடங்கு. தத்முர் (பல்மைரா), சுக்னா முதலிய ஊர்கள் இதன் நடுவே இருக்கின்றன. வருடத்துக்கு 200 மில்லிமீற்றருக்கும் குறைவாகவே இங்கு மழை பெய்யும். நமது நாட்டின் வறண்ட மாவட்டமான மன்னாரிலேயே இதைவிடப் பல மடங்கு மழை கிடைக்கிறது.

ஆனால் பாதியா வெறும் மணற்காடு அல்ல. குளிர்காலத்தில் பெய்யும் அந்தச் சொற்ப மழையில், பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நிலம் பச்சை பிடிக்கும். 'ஷீஹ்' என்று அரபிகள் அழைக்கும் மணமுள்ள சிறு புதர்கள், உவர் நிலத்தில் வளரும் செடிகள், ஒரு பருவம் மட்டும் வாழும் புற்கள் ஆகியவையே அவாஸி எனப்படும் கொழுத்த வாலுடைய செம்மறி ஆடுகளின் உணவு. குளிர்காலத்தில் மந்தை பாதியாவுக்குள் செல்லும். கோடையில் புல் காய்ந்ததும் மேற்கிலும் வடக்கிலும் உள்ள விவசாயப் பகுதிகளுக்கு வந்து, அறுவடை முடிந்த வயலின் தாளை மேயும். ஆட்டின் வாலில் சேரும் கொழுப்புக்கூட பஞ்ச காலத்துக்கு அல்லாஹ் வைத்த சேமிப்புத்தான்.

எனவே பாலைவனத்தில் வறட்சி என்றால், வழமையாகப் பெய்யும் அந்தக் கொஞ்சமும் பெய்யாமல் போவது. அதை நம்பித்தான் ஆடு இருக்கிறது. ஆட்டை நம்பித்தான் குடும்பம் இருக்கிறது.

2024/25 மழைக்காலத்தில் அதுதான் நடந்தது. ஏறத்தாழ அறுபது வருடங்களில் இவ்வளவு மோசமான ஒரு பருவத்தைச் சிரியா கண்டதில்லை என்று ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனம் 2025 ஜூனில் கூறியது. பயிர் நிலங்களுடன் இயற்கை மேய்ச்சல் நிலங்களும் சேர்ந்து முக்கால் பங்களவில் பாதிக்கப்பட்டதாகவும், கோதுமையில் 25 முதல் 27 இலட்சம் தொன் வரை பற்றாக்குறை ஏற்படும் என்றும், 1 கோடி 60 இலட்சம் பேரின் உணவுப் பாதுகாப்பு ஆபத்தில் இருப்பதாகவும் அது எச்சரித்தது. 2024 டிசம்பரில் அசாத் குடும்பத்தின் ஆட்சி முடிவுக்கு வந்து, மக்கள் ஊர் திரும்பத் தொடங்கிய முதல் வருடத்திலேயே இந்தச் சோதனையும் வந்து சேர்ந்தது.

மேய்ப்பனின் கணக்கு

வறட்சி ஒரு மேய்ப்பனை எப்படி வீழ்த்துகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஆடு செத்து விழும் படங்களைப் பத்திரிகையில் பார்க்கிறோம். அது கதையின் கடைசிப் பக்கம்.

புல் இல்லையென்றால் மேய்ப்பன் வாற்கோதுமையோ தவிடோ விலைக்கு வாங்க வேண்டும். அதே வறட்சியில் வாற்கோதுமையும் விளைந்திருக்காது. எனவே தீவன விலை ஏறும். வாங்கக் காசு தேவை. காசுக்கு ஆட்டை விற்க வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பதால் ஆட்டு விலை விழும். முன்னர் ஓர் ஆட்டை விற்று வாங்கிய தீவனத்துக்கு இப்போது இரண்டு, மூன்று ஆடுகளை விற்க வேண்டிவரும். முதலில் கிடாய்கள் போகும். பின்னர் குட்டி ஈனும் பெட்டைகள் போகும். பெட்டை போனால் அடுத்த வருடம் மழை பெய்தாலும் பலனில்லை. பச்சைப் புல் இருக்கும், மேய மந்தை இருக்காது. ஒரு பெட்டை வருடத்துக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும் என்பதால், இரண்டு வருடத்தில் கரைந்த மந்தையை மீட்க ஏழெட்டு வருடங்கள் ஆகும்.

2006 முதல் 2010 வரை நீடித்த வறட்சியில் இதுவே நடந்தது. 2007/08 பருவம் மிக மோசமானது. கோதுமை ஏற்றுமதி செய்து வந்த சிரியா, இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. 13 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டதாகவும், அவர்களுள் 8 இலட்சம் பேர் வாழ்வாதாரத்தையே இழந்ததாகவும் ஐ.நா. கணக்கிட்டது. உணவுக்கான உரிமை தொடர்பான ஐ.நா. விசேட அறிக்கையாளர் ஒலிவியே டி ஷூட்டர் 2010இல் சிரியாவுக்குச் சென்றுவந்து, சிறு மேய்ப்பர்கள் தமது கால்நடைகளில் 80 முதல் 85 சதவீதத்தை இழந்துவிட்டதாகக் கூறினார். ஹஸகா, தைர் அஸ்-ஸூர், ரக்கா மாகாணங்களிலிருந்து இலட்சக்கணக்கானோர் நகரங்களின் ஓரங்களில் கூடாரம் அடித்தார்கள். ஐ.நா. உதவி கேட்டது. கேட்ட தொகையில் பாதிகூட வரவில்லை.

அந்த நேரத்தில் அரசாங்கம் என்ன செய்தது? 2008 மே மாதம், வறட்சி உச்சத்தில் இருந்தபோது, டீசல் மானியத்தை வெட்டியது. ஒரு லீற்றர் 7 பவுண்டிலிருந்து 25 பவுண்டுக்கு ஏறியது. தண்ணீர் பவுசருக்கும், தீவனம் ஏற்றும் லொறிக்கும், கிணற்று மோட்டாருக்கும் டீசல்தான் தேவை. வானம் கைவிட்ட மனிதனை அரசாங்கமும் அதே வருடத்தில் கைவிட்டது.

"வறட்சிதான் யுத்தத்தைக் கொண்டுவந்தது" என்ற கதை

2011க்குப் பிறகு மேற்குலகில் ஒரு விளக்கம் பிரபலமானது. காலநிலை மாற்றம் வறட்சியைக் கொண்டுவந்தது. வறட்சி இடப்பெயர்வைக் கொண்டுவந்தது. இடப்பெயர்வு புரட்சியையும் யுத்தத்தையும் கொண்டுவந்தது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை இதற்கு வலுச் சேர்த்தது. அமெரிக்க அரசியல்வாதிகளும் இதையே பேசினார்கள். 2017இல் வேறு ஆய்வாளர்கள் அதன் ஆதாரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, அவை போதாது என்று வாதிட்டார்கள்.

எனக்கு இந்தக் கதையில் உள்ள பிரச்சினை வேறு. மனித குலம் வெளியிடும் புகையால் அந்தப் பிராந்தியம் சூடாகி வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குற்றத்தை முழுக்க மழையின் மீது போட்டால், மனிதர் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தர்ஆவில் பாடசாலைச் சுவரில் எழுதிய பிள்ளைகளைப் பிடித்துச் சித்திரவதை செய்தது மழையா? டீசல் மானியத்தை வெட்டியது மேகமா? பாதியாவில் பத்து வருடங்களளவில் பணியாற்றிய இத்தாலியச் சூழலியலாளர் ஜியான்லூக்கா செர்ரா, மேய்ச்சல் நிலம் அழிந்ததற்கு வறட்சியை விடப் பல தசாப்த கால அளவு மீறிய மேய்ச்சலும் அதைத் தடுக்காத நிர்வாகமுமே காரணம் என்று எழுதினார். வறட்சி பாதியாவுக்குப் புதிதல்ல. பல நூறு வருடங்களாக வந்து போயிருக்கிறது. முன்னர் மழை திரும்பியதும் நிலமும் திரும்பியது. இப்போது நிலம் திரும்பத் தடுமாறுகிறது. இந்த வித்தியாசத்துக்குத்தான் காரணம் தேட வேண்டும்.

ஹிமா: நாம் மறந்த ஒழுங்கு

பாதியாவின் கோத்திரங்களிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. எந்தக் கிணறு யாருடையது, எந்தப் பள்ளத்தாக்கில் எந்த மாதம் மந்தையை விடலாம், எதைப் பஞ்ச காலத்துக்கென மூடி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களின் தலைவர்களுக்கும் வயதானவர்களுக்கும் தெரியும். இப்படி மூடிப் பாதுகாக்கும் மேய்ச்சல் நிலத்துக்கு அரபியில் 'ஹிமா' என்று பெயர்.

இது இஸ்லாத்துக்கு முன்பே இருந்தது. அன்று பலமுள்ள தலைவன் தன் மந்தைக்காக நல்ல நிலத்தை ஒதுக்கிக்கொண்டு மற்றவர்களைத் துரத்துவான். நபி (ஸல்) அவர்கள் அந்தத் தனிமனித ஏகபோகத்தை ஒழித்தார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவனது தூதருக்கும் உரியது என்று அறிவித்து, அதைப் பொது நலனுக்குரியதாக மாற்றினார்கள். மதீனாவுக்கு அருகே அந்-நகீஃ என்ற இடம் அவ்வாறு பாதுகாக்கப்பட்டது. பின்னர் உமர் (ரழி) அவர்கள் ரபதாவையும் ஷரஃபையும் ஹிமாவாக்கினார்கள்.

அந்த ஹிமாவுக்குப் பொறுப்பாக ஹுனை என்பவரை நியமித்தபோது உமர் (ரழி) அவர்கள் கொடுத்த அறிவுறுத்தல் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதன் கருத்து இதுதான். கொஞ்ச ஒட்டகமும் கொஞ்ச ஆடும் வைத்திருப்பவனை உள்ளே விடு. இப்னு அவ்ஃபுடைய மந்தையிலும் இப்னு அஃப்பானுடைய மந்தையிலும் அவதானமாக இரு. அவர்களின் கால்நடை அழிந்தாலும் திரும்பிப் போக அவர்களுக்குப் பேரீச்சந் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான். அப்போது நான் பொன்னும் வெள்ளியும் கொடுக்க வேண்டிவரும். அதைவிடப் புல்லும் தண்ணீரும் கொடுப்பது எனக்கு இலகு.

பெயர் சொல்லப்பட்ட இருவரும் யார்? அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி), உஸ்மான் இப்னு அஃப்பான் (ரழி). சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் இருவர். அவர்கள் அநியாயம் செய்வார்கள் என்று உமர் (ரழி) நினைக்கவில்லை. புல் குறைவாக இருக்கும்போது யாருக்கு முதலிடம் என்பதை ஆளுக்காக அல்ல, தேவைக்காகத் தீர்மானித்தார்கள். இன்றைய வறட்சி முகாமைத்துவ நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அந்தச் சில வரிகளில் காணலாம்.

ஹிஜ்ரி 18இல் வந்த 'ஆமுர் ரமாதா' எனும் கொடிய பஞ்ச வருடத்தில், கால்நடை ஸகாத்தை அறவிடுவதையே உமர் (ரழி) அவர்கள் ஒத்திவைத்ததாக வரலாற்றில் வாசிக்கிறோம். பஞ்சத்தில் வரியை நிறுத்திய ஆட்சியையும், பஞ்சத்தில் மானியத்தை வெட்டிய ஆட்சியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒழுங்கு எப்படிக் குலைந்தது?

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நவீனமாக வேண்டும் என்ற அவசரத்தில், அரபு நாடுகள் இந்த ஒழுங்கை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. சவூதி அரேபியாவில் 1953இல் ஹிமாக்கள் அரச ஆணையால் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. சிரியாவில், எகிப்துடன் ஒரே குடியரசாக இணைந்திருந்த 1958இல், கோத்திரங்களுக்கு இருந்த சட்ட அந்தஸ்து நீக்கப்பட்டது. பாதியா அரச நிலம் என்றானது. காகிதத்தில் அரசுக்குச் சொந்தம். நடைமுறையில் யார் முதலில் வருகிறாரோ அவருக்குச் சொந்தம்.

அதே காலத்தில் லொறியும் பவுசரும் வந்தன. முன்னர் தண்ணீர் தீர்ந்தால் மந்தை நகரும், நிலம் ஓய்வெடுக்கும். இப்போது தண்ணீரும் தீவனமும் மந்தையைத் தேடி வந்தன. மந்தை நகரவில்லை. நிலத்துக்கு ஓய்வு இல்லாமல் போனது. ட்ரக்டர் வந்து, மெல்லிய மண்ணை உழுது வாற்கோதுமை விதைத்தது. விளையாத வருடத்தில் அந்த மண் காற்றோடு போனது. 1990களின் நடுவில் அரசாங்கம் உழுவதைத் தடைசெய்தபோது மிகவும் பிந்திவிட்டது. நகரத்து வியாபாரிகள் ஆட்டில் முதலீடு செய்தார்கள். 1960களின் தொடக்கத்தில் சுமார் 30 இலட்சமாக இருந்த செம்மறி ஆடுகள், 2000களின் நடுவில் 2 கோடியைத் தாண்டின. உமர் (ரழி) எதைத் தடுத்தார்களோ அது நடந்தது. லொறி வைத்திருந்தவன் மழை பெய்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தான். கழுதையும் நாற்பது ஆடும் வைத்திருந்தவன் போய்ச் சேர்ந்தபோது அங்கு வேர்தான் இருந்தது.

இடையில் ஒரு நல்ல முயற்சியும் நடந்தது. உமர் தராஸ் என்ற எகிப்திய மேய்ச்சல் நில நிபுணரின் ஆலோசனையில், 1960களின் பிற்பகுதியில் சிரியாவில் ஹிமாக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. கோத்திரங்களின் பழைய எல்லைகளை மதித்து நிலம் பிரிக்கப்பட்டது. பஞ்ச காலத்துக்குத் தீவனக் களஞ்சியமும் வைக்கப்பட்டது. ஆனால் காலப்போக்கில் தீர்மானம் எடுக்கும் அதிகாரம் மேய்ப்பரிடமிருந்து உத்தியோகத்தர்களிடம் போனது. சங்கம் என்பது மானியத் தீவனம் வாங்கும் வரிசையாகச் சுருங்கியது.

நமது ஷாபிஈ மத்ஹபில் ஆட்டுக்கு ஸகாத் கடமையாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நாற்பது ஆடுகள் இருந்தால் மட்டும் போதாது. அவை 'ஸாஇமா'வாக, அதாவது பொது மேய்ச்சலில் தாமாக மேய்பவையாக இருக்க வேண்டும். விலைக்கு வாங்கிய தீவனத்தில் வளர்க்கும் ஆட்டுக்கு அந்த ஸகாத் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் புல்தான் மேய்ப்பனின் செல்வம் என்பதை நமது பிக்ஹ் அறிஞர்கள் எவ்வளவு நுணுக்கமாக விளங்கியிருந்தார்கள்! இன்று பாதியாவின் மந்தைகளில் பல, வருடத்தின் பெரும்பகுதி வாங்கிய தீவனத்திலேயே நிற்கின்றன. சட்டப் புத்தகத்தில் உள்ள ஸாஇமாவை நிலத்தில் தேட வேண்டியிருக்கிறது.

இனி என்ன?

சிரியாவின் புதிய ஆட்சியாளர்கள் முன்னால் ஆயிரம் வேலைகள் கிடக்கின்றன. மின்சாரம், வீடு, வங்கி, பாதுகாப்பு. இந்தப் பட்டியலில் மேய்ச்சல் நிலம் கடைசியில் போய்விடும் என்பதே என் பயம். ஏனெனில் மேய்ப்பனுக்கு நகரத்தில் குரல் இல்லை. அவனது நிலத்துக்கு உறுதிப் பத்திரம் இல்லை. மயிலத்தமடு, மாதவணை, வட்டமடு என்ற பெயர்களைக் கேட்டு வளர்ந்த கிழக்கு மாகாண வாசகர்களுக்கு, காகிதம் இல்லாத மேய்ச்சல் தரைக்கு என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அங்கு பட்டிக்காரரின் மதமும் மொழியும் வேறாக இருக்கலாம், பிரச்சினை ஒன்றுதான்.

பாதியாவில் முதல் வேலை கண்ணிவெடி அகற்றுவது. 2024 டிசம்பருக்குப் பின்னரும் கண்ணிவெடிகளிலும் வெடிக்காத குண்டுகளிலும் சிக்கி நூற்றுக்கணக்கானோர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளும் உண்டு. மந்தை போக முடியாத நிலம் இருந்தும் இல்லாததுதான். மீதி நிலத்தில் எல்லோரும் நெருங்கும்போது அதுவும் அழியும்.

இரண்டாவது, ஹிமாவைத் திரும்பக் கொண்டுவருவது. இது பழம்பெருமை பேசுவதல்ல. பக்கத்து நாடான ஜோர்தானில், ஸர்கா ஆற்றுப் படுகையில், பனீ ஹாஷிம் என்ற ஊரின் மக்கள் 2010ஐ ஒட்டிய வருடங்களில் சுமார் 100 ஹெக்டேயர் நிலத்தைத் தாமே மூடிப் பாதுகாத்தார்கள். எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதை ஊரே தீர்மானித்தது. ஷீஹ் உட்படப் பல செடிகள் திரும்பி வளர்ந்தன. மூலிகை சேகரிப்பில் பெண்களுக்கு வருமானமும் வந்தது. நிலம் சிறியது, ஆனால் நடக்கக்கூடியது என்று காட்டிவிட்டது. ஐ.நா. 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டாகப் பிரகடனம் செய்தது. மாநாட்டு மண்டபங்களில் பேசப்படுவது சுக்னாவின் மேய்ப்பனிடம் போய்ச் சேர வேண்டுமானால், எல்லையை வரையும் மேசையில் அவனும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது நமது பங்கு. மழை தேடித் தொழும் இஸ்திஸ்கா தொழுகையை வறட்சிக் காலத்தில் நாமும் தொழுதிருக்கிறோம். அந்தத் தொழுகைக்கு முன்னர் தவ்பாச் செய்யவும், அநியாயமாக எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் இமாம்கள் நினைவூட்டுவது வெறும் சடங்கல்ல. மழையைக் கேட்பதற்கு முன் நமக்குள் உள்ள ஒழுங்கைச் சரிசெய்யச் சொல்கிறார்கள்.

துல்ஹஜ் வந்தால் வெளிநாட்டு உழ்ஹிய்யாவுக்கான அறிவித்தல்கள் நமது தொலைபேசிகளில் நிறைகின்றன. அது நல்ல அமல். குறை சொல்ல நான் மார்க்க அறிஞன் அல்ல. ஒரு வேண்டுகோள் மட்டும். பஞ்சப் பிரதேசத்தில் ஓர் ஆட்டை அறுத்தால் ஒரு குடும்பம் சில நாட்கள் இறைச்சி சாப்பிடும். அதே குடும்பத்தின் பத்துப் பெட்டைகளுக்கு வறட்சி முடியும் வரை தீவனம் கொடுத்தால், அவர்கள் அடுத்த வருடம் யாரிடமும் கை நீட்ட மாட்டார்கள். உழ்ஹிய்யாவை உழ்ஹிய்யாவாக நிறைவேற்றுவோம். ஸதகாவாகக் கொடுக்கும் பணத்தையாவது தீவனத்துக்கும், கால்நடை மருந்துக்கும், கிணறு திருத்துவதற்கும் அனுப்ப முடியுமா என்று சேகரிப்பவர்களிடம் கேட்போம். பொன் கொடுப்பதைவிடப் புல் கொடுப்பது இலகு என்ற கணக்கு இன்றும் பிழைக்கவில்லை.

அடுத்த பாடத்தில் அந்த மாணவிக்கு இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சேர், மழை பெஞ்சாலும் சரிவராதா?" என்றார்.

மழை பெய்தால் புல் வரும் பிள்ளை, அது அல்லாஹ்வின் அருள் என்றேன். வந்த புல்லை யார் முதலில் மேய்வது என்பதை மட்டும் அவன் நம்மிடம் விட்டிருக்கிறான்.